ஆட்டிசமுடைய குழந்தையும் பெற்றோரும்

(கடலூர் மாவட்டத்து மங்களூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவதுதான் நம்மவர் மரபு. அம்மரபைப் பெரிதும் மதிக்கிறவன் நான். ஆயினும், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்ற இந்த மானாவாரிச் சீமையிலிருந்து, மூன்று வயது நிரம்பியும் ‘அம்மா’ என்று ஒரு சொல் சொல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதலில் திட்டக்குடிக்கும் பிறகு விருத்தாசலத்துக்கும் அதன் பிறகு கடலூருக்கும் சென்னைக்குமாகப் பேருந்து மாறி மாறிச் செல்லும் தாய்மார்களை நினைத்துப் பார்த்தபோது, இந்த மேடையில் எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு உபயோகமான விஷயம் ஒன்றுக்கே செலவிடுவது நியாயம் என்று என் மனத்துக்குப் பட்டது. ஆகவே, ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியும், அவர்களுடைய மூளை வளர்ச்சியில் தாய் தந்தையர் அவர்களோடு பழகும் விதத்துக்கு என்ன பங்கு உண்டு என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் பெற்றோரால் உண்டாவதன்று. ஆனால் பெற்றோர் அந்தக் குழந்தையோடு பழகும் முறை, அதன் பேச்சையும் பிறரோடு அது கொள்ளும் தொடர்பையும் வளர்க்க வல்லது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலாவதை மறைத்து இரண்டாவதை மட்டும் சொன்னவர்கள் கடந்த நூற்றாண்டில் எத்தனையோ தாய்மார்களின் வாழ்க்கையைக் கண்ணீரில் ஆழ்த்தினார்கள். அந்தச் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ளாமல் மேலே செல்வது சரியன்று.

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநோய்ப் பிரிவை நடத்திவந்த லியோ கானர் என்பவர், பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில்தான் இந்த நிலை முதன்முதலாகத் தெளிவாக விவரிக்கப்பட்டது. மனிதர்களைவிடப் பொருள்களிடம் ஈடுபாடு, ஒரே மாதிரியான ஒழுங்கு குலைந்தால் தாங்க முடியாத துயரம், பேச்சு இருந்தாலும் அது சம்பாஷணையாக மாறாத தன்மை ஆகிய இவற்றை அவர் மிக நுட்பமாகப் பதிந்துவைத்தார். இது பிறவியிலேயே அமைந்த குறை என்று அந்தக் கட்டுரையின் முடிவில் அவரே எழுதியிருக்கிறார். அப்படி எழுதியவர், சில ஆண்டுகள் சென்றபின், இக்குழந்தைகளின் பெற்றோர் பாசத்தின் வெப்பம் இல்லாதவர்கள் என்றும், பிள்ளைகள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டவை போல வளர்ந்தன என்றும் கருத்துத் தெரிவித்தது பெரிய விபரீதத்துக்கு வித்திட்டது. சிகாகோவில் குழந்தைகளுக்கான விடுதிப்பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில், ஹிட்லரின் சிறை முகாம்களில் தாம் கண்ட கைதிகளின் நிலைக்கும் இக்குழந்தைகளின் நிலைக்கும் ஒப்புமை காட்டும் அளவுக்கு அந்த எண்ணத்தைக் கொண்டுபோனார். அப்படியானால் தாய் யார்? முகாமின் காவலாளியா? படித்த உலகம் அந்த வாதத்தைக் கைதட்டி வரவேற்றது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்தவர்களும் பெற்றோர்களே. அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ ஆராய்ச்சியாளராக இருந்த பெர்னார்டு ரிம்லாண்ட், தம் மகனுக்கு இந்த நிலை இருப்பதை அறிந்தபின், கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் படித்து, ஆட்டிசம் மூளையின் அமைப்பைச் சார்ந்த விஷயமே என்று 1964-இல் ஒரு நூல் எழுதினார். ஐந்து ஆண்டுகள் சென்று, 1969-இல், பெற்றோர் கூடிய மாநாடு ஒன்றில் கானரே வந்து, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்தில் பகிரங்கமாகப் பேசினார். 1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இருபத்தொரு ஜோடி இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, ஒரே கருவிலிருந்து பிரிந்த பதினொரு ஜோடிகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்ததையும், வெவ்வேறு கருவிலிருந்து வந்த பத்து ஜோடிகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லாததையும் கண்டு சொன்னபோது, வழக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பரம்பரைக் கூறுகளே பெரும்பங்கு வகிக்கின்றன என்பதைப் பின்னால் வந்த பெரிய ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன.

வழக்கு தீர்ந்தாலும் வதந்தி தீரவில்லை. நம் ஊர்களில் அது வேறு வேஷம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது. ‘கர்ப்பமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போனியா?’, ‘செல்போனைக் கையில குடுத்துக் குடுத்துத்தான் புள்ள இப்படி ஆயிட்டான்’, ‘வேலைக்குப் போற பொம்பள, புள்ளைகிட்ட எங்க பேசப்போறா?’ என்றெல்லாம் பந்தியில் உட்கார்ந்தபடி தீர்ப்பு வழங்குகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்தக் கேள்விகள் எல்லாம் தாயை நோக்கியே எய்யப்படுகின்றன, தந்தையை நோக்கி ஒன்றுகூட வருவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

இனி, பெற்றோருடைய பங்கைப் பற்றிப் பேசலாம். 2002-இல் மைக்கேல் சில்லர், மரியன் சிக்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்ட ஆய்வு இவ்விஷயத்தில் ஒரு திருப்பம். குழந்தையோடு தாய் விளையாடுவதைப் படமெடுத்து, அந்தக் கணத்தில் குழந்தையின் கவனம் எந்தப் பொருளில் இருக்கிறதோ அதையொட்டித் தாய் பேசுகிறாளா, அல்லது அவள் தன் விருப்பப்படி வேறொன்றை நோக்கிக் குழந்தையை இழுக்கிறாளா என்பதை அவர்கள் நொடி நொடியாகக் கணக்கிட்டார்கள். இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஆட்டிசமுள்ள குழந்தைகளின் பெற்றோர், அதே மொழித் திறனுள்ள மற்றக் குழந்தைகளின் பெற்றோரைக் காட்டிலும் இந்த இசைவில் சிறிதும் குறைந்தவர்கள் அல்லர் என்பது ஒன்று. அவர்களுக்குள்ளேயே எவருடைய பேச்சு குழந்தையின் கவனத்தோடு அதிகமாக ஒத்துச் சென்றதோ, அவர்களுடைய பிள்ளைகள் பத்து, பதினாறு ஆண்டுகள் கழித்தும் மொழியில் மேலோங்கி நின்றார்கள் என்பது மற்றொன்று. குளிர்ந்த தாய் என்ற கதையைப் பொய்யாக்கிய அதே ஆய்வு, தாயின் பேச்சுக்கு உள்ள ஆற்றலையும் எடுத்துக்காட்டியது. நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று கூறிய இரண்டு உண்மைகளும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

இது எப்படி நேர்கிறது என்பதை அறிய மூளையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பிறந்த சிசுவின் மூளை, வளர்ந்த மனிதனுடைய மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எடையே உள்ளது. இரண்டு மூன்று வயதுக்குள் அது முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் இந்தப் பருவத்தில் தேவைக்கு மேல் ஏராளமாக உண்டாகிப் பிறகு பயன்படாதவை கழிக்கப்படுகின்றன என்பதை சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1970-களின் இறுதியில் நிறுவினார். எவை நிலைக்கும், எவை கழியும் என்பதில் அனுபவத்துக்குப் பங்குண்டு. அந்த வயதுக் குழந்தைக்குப் பிரதான அனுபவம் எது? ஒரு முகம், அது தன்னைப் பார்ப்பது, தான் ‘ஆ’ என்றால் அதுவும் ‘ஆ’ என்று சொல்வது, தான் சிரித்தால் அது மலர்வது. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு நாளில் ஆயிரம் முறை நடக்கிறது. நம் பாட்டிமார் ‘அங்கு’ பேசுகிற குழந்தையோடு தாமும் ‘அங்கு’ பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்தது, அவர்கள் அறியாமலே நடத்திய பெரிய பயிற்சி.

ஆட்டிசத்தோடு பிறந்த சிசுவின் மூளையோ தொடக்கத்திலிருந்தே வேறொரு வழியில் செல்கிறது. 2017-இல் வட கரோலினாவைச் சேர்ந்த ஹெதர் ஹேஸ்லெட் முதலியோர், ஆட்டிசமுள்ள பிள்ளைக்குத் தம்பி தங்கையாகப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்தபோது, பின்னால் ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையிலேயே மூளைப் புறணியின் பரப்பு மிகையாக விரிவதையும், இரண்டாம் ஆண்டில் மூளையின் கன அளவு மிகுவதையும் கண்டார்கள். வெளியே அறிகுறி எதுவும் தெளிவாகத் தென்படாத காலம் அது. அதற்கும் முன்பே, 2013-இல், வாரன் ஜோன்ஸ், அமி க்ளின் என்பவர்கள் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய சிசுக்கள் இரண்டாம் மாதத்தில் மற்ற சிசுக்களைப் போலவே கண்களைப் பார்க்கின்றன என்றும், அந்தப் பார்வை இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்லக் குறையத் தொடங்குகிறது என்றும் காட்டியது. ஆம், தொடக்கத்தில் அந்தப் பார்வை இருக்கிறது. அதைத் தாய் கெடுக்கவில்லை. ஒரு குழந்தை பிறர் கண்களை எவ்வளவு நேரம் பார்க்கும் என்பதிலேயே பரம்பரையின் கை ஓங்கியிருப்பதை 2017-இல் இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சி தெளிவாக்கியிருக்கிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். சாதாரணக் குழந்தை தாயைப் பார்க்கிறது, கை காட்டுகிறது, சிணுங்குகிறது; தாய் உடனே பதில் தருகிறாள்; அந்தப் பதிலே அடுத்த சைகைக்குத் தூண்டுதலாகிறது. ஆட்டிசமுள்ள குழந்தையின் சைகை மெலிந்தது, அரிதாக வருவது, நாம் எதிர்பார்க்கும் வடிவில் வராதது. கண்ணைப் பாராமல் கையை மட்டும் பிடித்து இழுக்கும். பொருளை முகத்தருகே கொண்டுபோய்ச் சுழற்றும். ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் திரும்பாது. எந்தத் தாயும் அதைத் தவறவிடுவாள். தவறவிட்ட தாய் என்ன செய்கிறாள்? பிள்ளை பேசவில்லையே என்ற பதைபதைப்பில் மேலும் மேலும் கேள்வி கேட்கிறாள்; ‘இது என்ன, சொல்லு; மாடு எங்க, காட்டு’ என்று பரீட்சை நடத்துகிறாள். பிள்ளை மேலும் ஒதுங்குகிறது. அன்பு குறைந்ததனால் வந்ததன்று இது. அளவுக்கு மீறிய கவலையிலிருந்து வருவது. ஒரு கட்டத்தில், கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையைக் கூப்பிடுவதையே வீடு விட்டுவிடுகிறது. கொடுக்கல் வாங்கல் இப்படிக் குறையும்போது, பிறவியில் வேறு வழியில் சென்ற மூளைக்குக் கிடைக்க வேண்டிய அனுபவமும் குறைந்துபோகிறது. இந்த இரண்டாவது இழப்பைத்தான் நம்மால் தடுக்க முடியும்.

தடுக்கும் முறையை நம் ஊர்த் திண்ணை ஒன்றிலே வைத்துக் காட்ட அனுமதி தாருங்கள். அறுவடைக் காலம், தெருவெல்லாம் மக்காச்சோளம் காய்கிறது. மூன்று வயதுப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து சோள மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் தாய், பிளாஸ்டிக் மாடு ஒன்றையும் பந்து ஒன்றையும் மாற்றி மாற்றிக் காட்டி, ‘தம்பி, இங்க பாரு தம்பி’ என்று கெஞ்சுகிறாள். பயிற்சி பெற்று வந்திருக்கும் சுகாதாரப் பணிப்பெண் பத்து நிமிஷம் அதை அப்படியே செல்போனில் படமெடுக்கிறாள். எடுத்து முடித்ததும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஓடவிடுகிறாள். ஓர் இடத்தில் நிறுத்துகிறாள்.

‘அக்கா, இந்த எடத்தப் பாருங்க. இப்ப தம்பி என்ன பண்றான்?’

‘சோளத்தத்தான் அடுக்கறான்.’

‘இன்னொரு வாட்டி போடறேன். அவன் கண்ணு எங்க போவுது பாருங்க.’

வரிசையில் கடைசி மணியை வைத்தவுடன், அரை நொடி, பையனின் பார்வை மேலே எழுந்து தாயின் வளையலைத் தொட்டு, மோவாய் வரையில் வந்து, இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் தாய் பையில் அடுத்த பொம்மையைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

‘ஐயோ, என்னையத்தான் பாத்திருக்கான்!’

இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்பதை என்னால் எழுத முடியாது. ‘நீங்க கவனிக்கல’ என்று அந்தப் பணிப்பெண் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தாய் தானே கண்டுபிடிக்கும்படி விடுவதுதான் இம்முறையின் உயிர். பணிப்பெண் அடுத்த முறை வரும்போது தாய் பொம்மைகளை எடுத்துவைத்துவிட்டு, பையனுக்கு எதிரே தரையில் அமர்கிறாள். கேள்வி எதுவும் கேட்பதில்லை. அவன் ஒரு மணியை வைக்கும்போது ‘ஒண்ணு வச்சாச்சு’ என்று மட்டும் மெல்லச் சொல்கிறாள். பிறகு தன் உள்ளங்கையில் சில மணிகளை வைத்து நீட்டுகிறாள். அவன் எடுத்துக்கொள்கிறான், இன்னொன்று எடுக்கிறான். சிறிது நேரம் கழித்து விரல்களை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். காத்திருப்பதுதான் கடினம், பத்து நொடி மௌனமாயிருப்பது நமக்கெல்லாம் ஒரு யுகம். பையன் மூடிய கையைப் பார்க்கிறான், தட்டுகிறான், பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறான். ‘தா’ என்கிறாள் தாய், அவன் சொல்ல வேண்டிய சொல்லை அவனுக்காகச் சொல்லி, கையைத் திறக்கிறாள். கொடுக்கல் வாங்கல் மறுபடி தொடங்கிவிட்டது.

இது என் கற்பனைத் திண்ணை, முறை கற்பனையன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஜோனதன் கிரீன் முதலியோர் இதனை உருவாக்கி, லண்டன், மான்செஸ்டர், நியூகாஸில் ஆகிய மூன்று இடங்களில் 152 சிறு குழந்தைகளிடம் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரின் இசைவு வெகுவாக வளர்ந்தது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகளை அளக்கும் பரீட்சையில் அப்போது குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. பலர் ஏமாற்றமடைந்தார்கள். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களில் 121 பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அறிகுறிகளின் கடுமை குறைந்திருப்பது 2016-இல் தெரியவந்தது. சிகிச்சை ஓராண்டில் நின்றுவிட்டது, பெற்றோர் நிற்கவில்லை. பலன் நீடித்ததற்கு இதைவிட இயல்பான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நமக்கு இதைவிட முக்கியமானது கோவாவில் நடந்தது. சங்காத் என்ற தொண்டு நிறுவனமும், பாகிஸ்தானில் ராவல்பிண்டியில் பணிசெய்த குழுவினரும் சேர்ந்து, அதே முறையைத் தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்பத் திருத்தி, மருத்துவரோ மனோதத்துவ நிபுணரோ அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள 65 குழந்தைகள் சோதனையில் இருந்தார்கள். ஆதிஃப் ரஹ்மான், கௌரி திவான் முதலியோர் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, பெற்றோரின் இசைவும், குழந்தை தானாக முன்வந்து தாயோடு தொடர்புகொள்வதும் நன்கு உயர்ந்தன. இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பட்டம் பெற்ற நிபுணர் வந்தால்தான் குழந்தைக்கு விமோசனம் என்று காத்துக்கிடக்கிற நம் நாட்டுக்கு, அந்தச் சிறிய சோதனை சொன்ன செய்தி மிகப் பெரியது.

மூளையிலேயே மாறுதல் தெரிகிறதா என்று கேட்பீர்கள். ஜெரால்டின் டாசன் என்ற அம்மையார் தலைமையில் 18 முதல் 30 மாதம் வரையுள்ள 48 குழந்தைகளிடம் நடந்த இரண்டாண்டுப் பயிற்சியின் இறுதியில், மின் அலைகளை அளந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற குழந்தைகளின் மூளை பொருள்களைவிட மனித முகங்களைக் காணும்போது அதிகமாக விழித்தெழுவதும், அவ்வகையில் அது மற்றக் குழந்தைகளின் மூளையை ஒத்திருப்பதும் 2012-இல் வெளியாயின. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியை வாரத்துக்குப் பல மணி நேரம் நிபுணர்களே நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அது நம் சக்திக்கு எட்டாத செலவு. பெற்றோர் வழியாகவே சிசுக்களுக்கு உதவி அளித்துப் பார்த்த சிறு ஆராய்ச்சி ஒன்று சியாட்டில் நகரத்திலிருந்து 2017-இல் வந்தது. எமிலி ஜோன்ஸ் முதலியோர் செய்தது. அதிலும் முகங்களைக் கவனிக்கும்போது எழும் மூளை அலைகளில் நல்ல திசையில் மாறுதல் தென்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. ஆகவே இதை நம்பிக்கைக்குரிய தொடக்கம் என்று கொள்ளலாமே தவிர, முடிந்த முடிபு என்று முரசறையக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முதல் மூன்று ஆண்டுகளே எல்லாம், அவை போனால் போனதுதான் என்று விளம்பரம் செய்து பெற்றோரைக் கிலிபிடிக்கவைத்துப் பணம் பறிக்கும் ‘தெரபி’ நிலையங்கள் சிறு நகரங்களிலும் முளைத்திருக்கின்றன. விருத்தாசலத்துச் சூளையில் ஒரு முறை வெந்துவிட்ட பீங்கானை மறுபடி பிசைந்து வேறு உருச்செய்ய முடியாது. குழந்தையின் மூளை அப்படி வெந்து இறுகிப்போகிற பொருளன்று. இளமையில் அது எளிதாக வளைகிறது என்பது உண்மை. ஏழு வயதிலும் பத்து வயதிலும் அது கற்கிறது என்பதும் உண்மை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த சோதனையில் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். காலந்தாழ்ந்து தெரிந்துகொண்ட தாய் ஒருத்தி இந்தச் சபையில் இருந்தால், அவளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பெற்றோரைக் கூட்டாளியாகக் கொள்ளும் எண்ணம் நம் நாட்டுக்கு அந்நியமன்று. சென்னை தியாகராய நகரில் 1989-இல் தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் மையம், வளர்ச்சி தாமதப்பட்ட சிறு குழந்தைகளுக்கு உதவும்போது தாயோ தந்தையோ கூடவே இருந்து கற்க வேண்டும் என்பதை ஒரு நியதியாகவே வைத்தது. டெல்லியில், ஆட்டிசமுள்ள மகனின் தாயாகிய மெர்ரி பருவா 1991-இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற ஸ்தாபனம், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே வந்து வாரக்கணக்கில் தங்கிப் பயிலும் வகுப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. இவை மாநகரங்களில் இருக்கின்றன என்பதுதான் நம்முடைய குறை.

தாமாரா டேலி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்தியப் பெற்றோர்களிடம் விசாரித்து 2004-இல் எழுதியதில் ஒரு செய்தி என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. மேல்நாட்டுப் பெற்றோர் பெரும்பாலும் முதலில் பேச்சின் தாமதத்தையே கவனித்துக் கவலைப்படுகிறார்கள். நம்மவரோ, பிள்ளை மற்றவரோடு ஒட்டவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். நம் வீடுகளின் இயல்புக்கு இது எவ்வளவு பொருத்தம்! வீடு நிறைய மனிதர். பிள்ளை யாரிடமும் வருவதில்லை என்றால் கண்ணில் படாமலா போகும்? பேச்சைப் பற்றி மட்டும் நமக்கு அவசரம் இல்லை. ‘அவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்’ என்று பாட்டி சொல்லிவிட்டால் ஓராண்டு போய்விடும். பாட்டியைக் குறைசொல்லி இதைக் கூறவில்லை. அவள் சொல்வது சில பிள்ளைகள் விஷயத்தில் மெய்யாகவும் இருக்கும். பேச்சு தாமதிக்கலாம், ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், வேண்டியதை விரலால் சுட்ட வேண்டும், தான் கண்டு வியந்ததை ‘அதோ பார்’ என்கிற பாவனையில் தாய்க்கும் காட்ட வேண்டும். இவையும் இல்லையென்றால் பாட்டியின் சமாதானத்தோடு நின்றுவிடக் கூடாது.

இதைக் கண்டறிவதற்கு நமக்கு ஏற்கெனவே ஒரு நாள் அமைந்திருக்கிறது. பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் தடுப்பூசிக்காக ஒவ்வொரு குழந்தையும் கிராம சுகாதார செவிலியரிடம் வருகிறது. அன்று இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுவிட இரண்டு நிமிஷம் போதும். தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பீதி இங்கும் வந்துசேர்ந்திருப்பதனால் ஒரு வார்த்தை: 1998-இல் அந்தப் பீதியைக் கிளப்பிய கட்டுரையை அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது, டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டியது. சந்தேகப்படும் குழந்தையை அனுப்புவதற்கு மாவட்டத்தில் இளஞ்சிறார் இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இருக்கிறது. ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘விழுதுகள்’ என்ற பெயரில் தமிழ்நாடு அரசு சேவை மையங்களையும் ஏற்படுத்திவருகிறது. சான்றிதழும் உதவித்தொகையும் இவற்றின் வழியே கிடைக்கும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டும் ஒரு மனுஷி இன்னும் மங்களூருக்கு வரவில்லை.

தாய்மார்கள் சார்பில் மேலும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் வழிச் சிகிச்சை என்று நாம் கௌரவமாகப் பெயர் சூட்டுவது, நடைமுறையில் தாயின் தலையில் இன்னொரு சுமையாக இறங்கிவிடலாம். காலையில் களை வெட்டப் போய், மாலையில் விறகும் தண்ணீரும் சேர்த்து, இரவில் சோறாக்குகிறவளிடம், நாளுக்கு அரை மணி நேரம் பிள்ளையோடு தரையில் அமர்ந்து காத்திருக்கச் சொல்வது எளிது. அந்த அரை மணிக்கு அடுப்பை யார் பார்ப்பது? தந்தை பார்க்க வேண்டும். இல்லையேல் மாமியார் பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, தந்தையே தரையில் அமர்வது. சோள மணியை உள்ளங்கையில் வைத்து நீட்டுவதற்கு ஆண் கை ஆகாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. பலன் வரத் தாமதமானால், அல்லது வராமலே போனால், ‘நீ சரியாச் செய்யல’ என்ற பழைய பழி புது உருவில் அவள்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் எல்லோருடைய பொறுப்பு. சில குழந்தைகள் நிறையப் பேசும். சில சிறிதே பேசும். சில வாய்ப்பேச்சுக்கு வராமல் சைகையாலும் படத்தாலும் தம் கருத்தைத் தெரிவிக்கும். தாய் எவ்வளவு உழைத்தாள் என்பதற்கு இவை அளவுகோல் ஆகா.

வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசமுடையவர்கள் இப்போது தாங்களே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எங்களை மற்றவர்களைப் போல நடிக்கப் பழக்காதீர்கள், கையை ஆட்டுவதும் பொருளைச் சுழற்றுவதும் எங்களுக்கு ஆறுதல், அதைப் பிடுங்காதீர்கள் என்று அவர்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. கண்ணைப் பார், கையைக் கட்டு என்று அதட்டிப் பழக்கும் முறைகளுக்கும் நான் இன்று விவரித்த முறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் திண்ணையில் சோளத்தை அடுக்குவதை யாரும் நிறுத்தவில்லை. பையன் இருந்த இடத்துக்குத் தாய் போனாள். மாற வேண்டிய பொறுப்பை முதலில் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவாக, இவ்வறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம். இதன் வட்டிப் பணத்தில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவும் ஓர் அச்சுப் புத்தகமும் நடைபெறுகின்றன. வருகின்ற ஆண்டு சொற்பொழிவை நிறுத்திவைத்துவிட்டு, இந்த ஒன்றியத்தைச் சேர்ந்த, பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த, குழந்தைகளிடம் பொறுமையுள்ள இரண்டு பெண்களைத் தேர்ந்து, இம்முறையில் பயிற்சி பெற அனுப்புங்கள். திரும்பி வந்தபின் அவர்களுக்கு ஒரு செல்போனும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஊதியமும், பேருந்துச் செலவும், மாதம் ஒரு முறை அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்ல ஒரு நிபுணரும் தேவைப்படும். அறுவடைக் காலத்தில் பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே அவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டியிருக்கும். துணைக்கு ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று கேட்டால், அங்கன்வாடிப் பணியாளர்கள் இந்தச் சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.